பச்சை வயர்

மார்த்தாண்டத்து ஜவுளிக்கடைக் கூப்பனில்
எங்களுக்கு விழுந்தது ஒரு ராத்திரி:
கன்னியாகுமரியில், கடல் பார்த்த அறை.
குளியலறையில் ஒரு தொட்டி,
தானே சூடாகி, தானே நுரைக்கிற தொட்டி.
"உலை மாதிரில்லா கொதிக்குது" என்றார் இவர்.
சிரித்துக்கொண்டே செருப்பைக்
கதவுக்கு வெளியே விட்டேன்.

ரப்பர் செருப்பு.
இருபத்திரண்டு வருஷமாய்க் குலசேகரத்தில்
பால் வெட்டுகிறவள் நான்.
மூணு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினால்
முந்நூறு மரம்.
பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பது
விரலுக்குத் தெரியும்.
ஒரு நூல் கூடினால் மரத்துக்குப் புண்.

வலது கை ஸ்டீல் பிடியைத் தொட்டது.
மீதியை இவர்தான் சொல்வார்:
நான் கத்தவில்லையாம்.
பல்லைக் கடித்து
ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் இருந்தேனாம்.
"விடு பிள்ளே, விடு" என்று கெஞ்சினாராம்.
விடுவது என் கையில் இல்லை.
தொட வந்த இவரைத் தள்ளிவிட்டு
வராந்தாவில் ஓடி மெயினை அடித்தாள்
துண்டு கொடுக்க வந்த லீமா.

ஆசாரிபள்ளத்தில் ஒன்பது நாள்.
நெஞ்சு சரியாயிற்று.
மோதிர விரலும் சுண்டு விரலும்
மரத்துப்போச்சு என்றார் டாக்டர்.
அந்தச் சொல்லில் எனக்கு
மரம் மட்டும்தான் கேட்டது.

மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.
"இன்னொரு தடவை ஃப்ரீயா வந்து தங்குங்க,
ரெண்டு ராத்திரி, காலைச் சாப்பாட்டோட."
இவர் பழத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

நாகர்கோவிலில், நுகர்வோர் ஆணையத்தில்
ஒன்றரை வருஷம்.
ஓட்டல் வக்கீல் கேட்டார்:
"ஈரக் கையோடதானே தொட்டீங்க?"
குளிக்கிற தொட்டியில் சார்,
வேறெந்தக் கையோடு தொட?
மேலே இருந்த அம்மா
பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்தார்.

டைலை உடைத்துப் பார்த்த எஞ்சினியர்
எழுதிக் கொடுத்தது:
பச்சை வயர் மோட்டாரிலிருந்து புறப்பட்டிருக்கிறது,
எங்கும் போய்ச் சேரவில்லை.
முனையில் டேப் சுற்றிச்
செங்கல் இடுக்கில் செருகியிருக்கிறது.
கசிவைக் கண்டால் வெட்டிவிடுகிற கருவிக்குப்
பெட்டியில் இடம் உண்டு, கருவி இல்லை.
முப்பது மில்லி ஆம்பியருக்கே விழுந்திருக்குமாம்.
நான் பாலை லிட்டரில் அளக்கிறவள்.
முப்பது மில்லி எனக்குச்
சிரட்டையின் அடியில் ஒட்டுகிறது.
விலை என்ன சார் என்றேன்.
ரெண்டாயிரத்துச் சொச்சம்.
அந்த அறைக்கு ஒரு ராத்திரி ஏழாயிரம்.

முந்நூறு மரம் நூற்றி நாற்பதாய்க் குறைந்தது.
குறைந்த நூற்றி அறுபதை
மழை மாதங்களைக் கழித்து
என் அறுபது வயசு வரை பெருக்கினார்கள்.
நாலு லட்சத்து எழுபதாயிரம், ஒன்பது வட்டி.
மன உளைச்சலுக்குத் தனியே இருபத்தையாயிரம்.
உளைச்சல் எதுவென்று அதில் இல்லை.
வீட்டுக் குழாயைத் திறக்குமுன்
இடக்கையின் புறத்தால்
ஒருமுறை தட்டிப் பார்ப்பேன், அது.

லீமா சாட்சி சொன்னாள்.
மறுவாரம் அவள் பேர் ட்யூட்டிப் பலகையில் இல்லை.
இப்போது கொட்டாரத்தில் ஒரு பேக்கரியில் நிற்கிறாள்.
அதற்குத் தொகை கேட்க
என் மனுவில் இடமில்லையாம்.

ஓட்டல்காரர் அப்பீல் போயிருக்கிறார்.
பணம் மதுரையில் இருக்கிறது.
நான் ஒட்டுப்பால் விற்ற காசில்
வயர்மேன் தாசையனைக் கூப்பிட்டு
எங்கள் மீட்டருக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினேன்.
அதில் ஒரு சின்னப் பட்டன்,
மாசம் ஒருக்கா அமுக்கிப் பார்க்கணும்.
முதல் ஞாயிறு, சர்ச்சுக்குப் புறப்படுமுன்
அமுக்குகிறேன், மரத்த விரலால்தான்.
டக்.
மிக்ஸி, ஃபேன், டிவியில் பாதி வாக்கியம்,
எல்லாம் நிற்கிறது.
"யம்மா, ஒனக்கு வேற சோலியில்லியா?"
மகன் கத்துகிறான்.
அந்த அமைதியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான்
திரும்பப் போடுகிறேன்.